மேசைக் கண்ணாடியின் கீழ் ஓர் அரைத்தாள்: யாழ்ப்பாணக் கடையொன்றில் பொறுப்பு கைமாறிய விதம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதற் கிழமையில் கணக்குப் பார்க்க நான் அந்தக் கடைக்குப் போவேன். மார்ச் 31 உடன் நிதியாண்டு முடிகிறது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கடை பூட்டும் முன் இருப்பை எண்ணி முடித்துவிட வேண்டும். ஆணி கிலோவில், பைப் நீளத்தில், கம்பி எண்ணிக்கையில், பெயின்ற் வாளியில் என்று மூன்று நாள் வெயிலும் தூசியும் தின்ன வேண்டிய வேலை. கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியோரம் இருக்கும் நடுத்தர அளவான ஹாட்வெயார் கடை அது. முதலாளியைச் சேர்க்காமல் பதின்மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

இந்த ஆய்வு அந்தக் கடையின் பண்டகசாலைப் பெண்ணைப் பற்றியது. எல்லோரும் அதை ‘ஸ்ரோர்’ என்பார்கள்; அவரை ‘ஸ்ரோர்ப் பிள்ளை’ என்பார்கள். அவரையும் முதலாளியையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் வாசித்துச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். முதலாளி ஓரிடத்தில் மட்டும் ஆட்சேபித்தார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலாளி

அவரை விளங்காமல் இந்தக் கதை விளங்காது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

தொண்ணூறுகளில் அவர் இன்னொருவரின் கடையில் வேலைக்கு நின்ற பையன். அந்தக் காலத்தில் சீமெந்தும் கம்பியும் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்கு வரத் தடைசெய்யப்பட்ட பொருட்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுவிட்டது. சீமெந்து ஊரிலேயே விளைந்த குடாநாட்டில் ஒரு பை சீமெந்துக்கு ஆலாய்ப் பறந்தார்கள். பிறகு 2002 இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அவர் சொந்தமாகச் சின்னக் கடை போட்டார். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது; சரக்கு கப்பலில் வந்தது; எப்போது வரும், எவ்வளவு வரும், என்ன விலையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பிழையான சாமானை எடுத்துவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சரியான சாமானை எடுத்தவன் தப்பினான்.

போர் முடிந்ததும் வீடு கட்டும் அலை வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் 46,000 வீடுகள். வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாக. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த காசு அதற்கு மேல். கடை பெருத்தது. ஆனால் கொள்முதல் மட்டும் 2006 இல் நடந்த மாதிரியே நடந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, சாப்பிட்டுவிட்டு, விறாந்தையில் இருந்துகொண்டு கொழும்பு முகவர்களுடன் தொலைபேசியில் அவரே பேசுவார். குறிப்பெடுப்பதில்லை. விலை எல்லாம் தலைக்குள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ‘யாரையும் நம்பாத மனிதர்’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொள்முதலில் விட்ட பிழையால் கடைகள் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். விற்பனையை யாரிடமும் கொடுப்பார், காசு லாச்சியைக்கூடக் கொடுப்பார். வாங்குவதை மட்டும் கொடுக்க மாட்டார்.

நான்கு ஆண்டுகள்

அந்தப் பெண் 2018 இல் சேர்ந்தார். யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர். நீர்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். தாய்க்கு இது வேலையே இல்லை. அரச உத்தியோகம் கிடைக்கும்வரை ‘சும்மா போய்வரும் இடம்’. யாழ்ப்பாணத்து அம்மாமாரின் அகராதியில் தனியார் கடை வேலைக்கு வேறு பொருள் கிடையாது.

அவரிடம் கொடுத்த வேலை, வருவதையும் போவதையும் இருப்பு அட்டையில் பதிவது. அதற்கு முன் இருந்தவர்கள் கிழமைக்கு ஒருமுறை உத்தேசமாக எழுதினார்கள். இவர் ஒவ்வொரு சிட்டைக்கும் எழுதினார். 2021 ஏப்ரலில் நான் எண்ணியபோது, முழுக் கடையிலும் புத்தகமும் தட்டும் ஒத்துப்போன ஒரே பகுதி பைப் பொருத்துகள்தான். ஆயிரக்கணக்கான துண்டுகளில் மூன்று எல்போ குறைந்தது. அதையும் மறுநாள் ஒரு வாளிக்குள் கண்டுபிடித்தார்கள்.

இதை முதலாளியிடம் சொன்னேன். “அது அந்தப் பிள்ளையின் வேலைதானே” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய தங்கை மகன் முகாமையாளர் ஆனார். கெட்டிக்காரப் பையன்; வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்தவன்; கடைக்குக் கணினியில் சிட்டை போடும் முறையைக் கொண்டுவந்தவனும் அவன்தான். அவனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ‘ஸ்ரோர்ப் பிள்ளை’ அன்று மதியம் சாப்பிடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

தன்னைக் காணச் செய்ய அவர் மூன்று வழிகளில் முயன்றார். மூன்றும் தோற்றன. தோற்ற விதந்தான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலாவது, கூட உழைத்தது. ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலையை ஏழு மணிவரை இழுத்தார். முதலாளியின் இருக்கை கடையின் முன்பக்கம்; ஸ்ரோர் பின்பக்கம், இடையில் கம்பி முற்றம். ஏழு மணிக்கு அவர் ஸ்கூட்டியை எடுப்பதை முதலாளி பார்த்ததே இல்லை. பார்த்த ஒரே நாளில், “பிள்ளை, ஏன் இருட்டில் போகிறீர்? நேரத்துக்கு வேலையை முடியும்” என்றாராம்.

இரண்டாவது, ஓர் அறிக்கை. பதினான்கு பக்கம், அட்டவணைகளுடன். ஒன்றரை ஆண்டாக அசையாத சரக்கு எவ்வளவு, அதில் எத்தனை இலட்சம் முடங்கிக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார். நான் வாசித்தேன், ஒரு இலக்கமும் பிழையில்லை. முதலாளி இரண்டு பக்கம் புரட்டினார், “நல்லது, மேசையில் வையும்” என்றார். சில மாதம் கழித்து அது அச்சுப்பொறியின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை நானே கண்டேன்.

ஏன் அப்படி? அந்த அறிக்கையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் தேர்ந்து வாங்கியவர் முதலாளி. அவருடைய பிழைகளைப் பட்டியலிட்டு, கூட்டி, இலட்சக் கணக்கில் மொத்தம் போட்டு, அவரிடமே கையளித்திருக்கிறார் அந்தப் பெண். அவர் மட்டும் கொஞ்சம் சிந்தித்திருந்தால் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அந்த அறிக்கையை அச்சடிக்க முன் என்னிடம் காட்டினார். எனக்கும் அது உறைக்கவில்லை.

மூன்றாவது, நேரே கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு முதலாளி திரும்பும் நேரம். “ஐயா, எனக்கும் ஒரு பொறுப்புத் தாருங்கள்.” அவர் உண்மையிலேயே வியந்துபோய்ச் சொன்னார்: “நீர் பொறுப்பாகத்தானே இருக்கிறீர்!”

பொறுப்பு என்ற ஒரே சொல். கேட்டவருக்கு அது அதிகாரம், கேட்கப்பட்டவருக்கு அது நற்குணம். அந்தப் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டு இதைச் சொன்னபோதும் கண் கலங்கியிருந்தது.

551 கம்பி

2022 பெப்ரவரி. கொழும்பிலிருந்து லொறியில் 12 மில்லிமீற்றர் கம்பி வந்தது. சிட்டையில் 3,000 கிலோ. கம்பியை முகவரிடம் எடைக்கு வாங்குவார்கள். கடையில் எண்ணிக்கைக்கு விற்பார்கள். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ என்பது கணக்கு. ஆறு மீற்றர்த் துண்டு 5.33 கிலோ. ஆக 3,000 கிலோவுக்கு 563 கம்பி வர வேண்டும். ஸ்ரோர்ப் பிள்ளை எண்ணினார்: 551.

முதலில் களவு என்றே நினைத்தார். லொறிச் சாரதியின் முகத்தைப் பார்த்தார், இறக்கிய பையன்களை எண்ணிப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். பத்துக் கம்பியைத் தராசில் ஏற்றினார். 53.3 வர வேண்டிய இடத்தில் 54.4 காட்டியது.

கம்பி குறையவில்லை, ஒவ்வொரு கம்பியும் சற்றுக் கனமாக இருந்தது. ஆலையில் உருட்டும்போது தடிப்பு மயிரிழை கூடும், குறையும். தரநிலைகளே இடங்கொடுக்கிற விலகல் அது. யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் கடை வாங்குவது உண்மை எடைக்கு, விலைபோடுவது புத்தக எடைக்கு. நூற்றுக்கு இரண்டு ரூபா ஒவ்வொரு கம்பியோடும் வாசலால் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கடை கம்பியில் வைத்திருந்த இலாபமே நூற்றுக்கு ஐந்து.

இந்த முறை அவர் அறிக்கை எழுதவில்லை. கொப்பித் தாள் ஒன்றைப் பாதியாய்க் கிழித்து நான்கு வரி எழுதினார்.

“12 மி.மீ. சிட்டை 3,000 கிலோ.
எண்ணியது 551.
ஒரு கம்பி 5.44 கிலோ.
விலை போடுவது 5.33 என்று.”

முதலாளியின் மேசையில் ஒரு கண்ணாடி விரித்திருக்கும். அதன் கீழே நாட்காட்டி, வங்கிக்காரரின் அட்டை, பிள்ளையார் படம். அங்கே அந்த அரைத்தாளைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணியளவில் முதலாளி பின்பக்கம் வந்தார். அவர் ஸ்ரோருக்குள் வருவது ஆண்டுக்கு நாலைந்து முறைதான். ஒன்றும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தானே இழுத்துத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு கட்டிலிருந்து இரண்டாவதை எடுத்து வைத்தார். மூன்றாவதை முற்றத்தின் மறுகோடியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். அதையும் நிறுத்துவிட்டு, கையைத் தட்டித் துருவை உதிர்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலை 12 மில்லிமீற்றர்க் கம்பியின் விலை மாறியிருந்தது.

பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவருடைய தகவல் ஒன்று முதலாளியின் முடிவு ஒன்றை மாற்றியது அதுவே முதல் தடவை. அறிக்கைக்கும் அரைத்தாளுக்கும் என்ன வித்தியாசம்? பதினான்கு பக்கத்தை நம்ப வேண்டும். நான்கு வரியை நிறுத்துப் பார்க்கலாம். அறிக்கை முதலாளியைக் குற்றவாளி ஆக்கியது. அரைத்தாளில் குற்றவாளி யாரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அவர் அஞ்சும் இடத்தைத் தொட்டது: வாங்குவதில் தெரியாமல் போகும் காசு.

மின்வெட்டும் இருப்பு அட்டையும்

மார்ச்சில் நாடு கவிழ்ந்தது. 7 ஆம் திகதி ரூபாவின் பெறுமதியைச் சந்தையின் போக்கில் அவிழ்த்துவிட்டார்கள். 200 ரூபாவுக்கு இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. முந்தைய ஆண்டு இறுதியில் 1,275 ரூபாவுக்குப் போன ஒரு பை சீமெந்து சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு.

மருமகனின் கணினி இருட்டில் இருந்தது. எவ்வளவு இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கியது, இன்று என்ன விலைக்கு விற்றால் நாளை அதே சாமானை மீண்டும் வாங்கலாம் என்று சொல்லக்கூடியவை அந்தக் கடையில் பென்சிலால் எழுதிய இருப்பு அட்டைகள் மட்டுமே. இதை அந்தப் பெண்ணின் திறமை என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதிர்ஷ்டமும் உண்டு. மின்சாரம் நிற்காமல் இருந்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திராது. ஆனால் அட்டைகள் நான்கு ஆண்டாகச் சரியாக இருந்ததால்தான் அதிர்ஷ்டத்துக்கு வந்து உட்கார ஓர் இடம் இருந்தது.

அரைத்தாள் நாள்தோறும் வந்தது. ஆறு சாமான், ஆறு வரி: சீமெந்து, 10 மற்றும் 12 மில்லிமீற்றர்க் கம்பி, அரை அங்குலப் பைப், கூரைச் சீற், வெள்ளைப் பெயின்ற். ஒவ்வொன்றுக்கும் கைவசம் எவ்வளவு, கடைசியாக வாங்கிய விலை, எத்தனை நாளைக்குக் காணும். லொறிச் சாரதிமாரிடம் வட்ஸ்அப்பில் விசாரித்து அறிந்த அன்றைய கொழும்பு விலையை ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். எட்டு மணிக்கு முதலாளி இருக்கையில் அமரும்போது தாள் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். ஒன்பதரைக்குத் தேநீர் வரும்போது அதன் மேல் ஒரு வளையக் கறை விழுந்திருக்கும். அவருக்கு மட்டும் தேநீர், மற்றவர்களுக்கு வெந்நீர் என்பது கடையில் ஒரு பகிடி. (முதலாளி வெட்டச் சொன்னது இந்த வரியைத்தான். இப்போது எல்லோருக்கும் தேநீர் என்பதைச் சேர்த்து எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.)

ஜூன் மாதம் ஒரு நாள் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லை. எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வருவதற்கு முந்திய காலம். வரிசை ஒரு மைலுக்கு நீண்டிருந்தது. எட்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. நான்கு ஆண்டில் முதலாளி அவரை நேரடியாக அழைத்தது அதுவே முதல் தடவை. “பிள்ளை, துண்டு எங்கே?” வரிசையில் நின்றபடியே முதல்நாள் மாலைக் குறிப்பிலிருந்து ஆறு வரியையும் வாசித்தார்.

தாய் இதைக் கேட்டுவிட்டு, “லீவு நாளிலும் விடமாட்டான்களா?” என்றாராம். மகளுக்கோ உள்ளங்கை சில்லிட்டது. தான் இல்லாதது ஒரு குறையாகத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

கேட்ட விதம்

அடுத்த கிழமை மறுபடி கேட்டார். இந்த முறை பொறுப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

“ஐயா, பைப் பொருத்துகளை மட்டும் மூன்று மாதம் நான் வாங்கிப் பார்க்கட்டுமா? ஒருமுறைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் போகாது. சரிவராவிட்டால் அடுத்த நாளே நீங்கள் திருப்பி எடுத்துவிடுங்கள்.”

இந்த மூன்று வாக்கியத்தில் எவ்வளவு சிந்தனை இருக்கிறது என்று பாருங்கள். எல்போ, ரீ, சொக்கெற் போன்றவை கடையின் மிகச் சிறிய சாமான்கள், பிழையாய்ப் போனாலும் கடை கவிழாது. தொகைக்கு மேல்வரம்பு உண்டு, காலத்துக்கு முடிவு உண்டு. நாளைக்கே பறிக்கலாம் என்ற உறுதியும் உண்டு. ஒரு கப்பல் பிழைத்தால் ஆறு மாதம் தொங்கிய மனிதரிடம், பிழைத்தாலும் ஒரே நாளில் மீளலாம் என்று சொல்கிறார்.

முதலாளி “பார்ப்போம்” என்றார். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்கு ஐந்தாறு பொருள் உண்டு; ‘சரி’ என்பது அவற்றில் கடைசி. இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மாலை, கடை பூட்டும் நேரம், ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் தொலைபேசி இலக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். “பைப்காரன். நீரே எடுத்துக் கதையும். கடன் முப்பது நாள் கேளும், இருபத்தொன்றுக்கு வருவான்.”

அந்த அட்டை இன்னும் அவரிடம் இருக்கிறது.

பிழையும் பிடியும்

நவம்பரில் ஒன்று பிழையாய்ப் போனது. ஒன்றேகால் அங்குலப் போல் வால்வு அறுபது, கழிவு விலையில் கிடைக்கிறதென்று எடுத்தார். எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டருக்கும் தாங்கிக்கும் மேசன்மார் அரை, முக்கால், ஒன்று என்ற அளவுகளைத்தான் பாவிக்கிறார்கள். ஒன்றேகால் கேட்டு வருபவர் மாதத்தில் இரண்டு பேர். விலையைப் பார்த்த கண் தேவையைப் பார்க்க மறந்துவிட்டது.

பெட்டிகளைத் தட்டில் அடுக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அன்று மாலையே முதலாளியிடம் போய்ச் சொன்னார்: எவ்வளவு காசு, ஏன் பிழைத்தது, பாதியை முகவர் வேறு அளவுக்கு மாற்றித்தரச் சம்மதிக்கிறார் என்பது. மருமகன் பக்கத்தில் நின்றான். முதலாளி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மேலே கையைக் காட்டினார். பரணில் சாக்குக்குள் ஏதோ கட்டிக் கிடந்தது.

“2003 இல் நான் இருநூறு மண்வெட்டிப் பிடி எடுத்தேன். பாதை திறந்த புதிது. மலிவு. இன்னும் அதற்குள் நூற்றுச் சொச்சம் இருக்கிறது.”

பிறகு சிரித்தாராம். கொள்முதலில் தான் பிழைவிட்ட கதையை அந்தக் கடையில் யாரிடமும் அவர் அதுவரை சொன்னதில்லை. பதினான்கு பக்க அறிக்கையில் அந்த மண்வெட்டிப் பிடிகளும் ஒரு வரியாக இருந்தன என்பதை நான் பிறகு தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். எழுதிக் காட்டியபோது முட்டுக் கொடுக்கப் போன அதே செய்தி, தன் பிழையை அவர் முதலில் ஒப்புக்கொண்டபோது முதலாளியின் வாயாலேயே வந்தது.

பெயரில்லாத அதிகாரம்

எல்லாம் நன்றாய்ப் போனதாக நினைத்துவிடக் கூடாது. 2023 நடுப்பகுதியில் பைப், மின்சாமான், பெயின்ற் மூன்றும் அவர் கையில் இருந்தன. ஆனால் யாருக்கும் அது அறிவிக்கப்படவில்லை. மருமகன் ஒரு கொந்தராத்துக்காரருக்கு முந்தைய விலையில் நாற்பது வாளி பெயின்ற் தருவதாக வாக்குக் கொடுத்தான். இவர் அந்த விலையில் முடியாது என்றார். வாக்குவாதம் வாடிக்கையாளருக்கு முன்னாலேயே நடந்தது. முதலாளி மருமகன் பக்கம் நின்றார்: “சொன்னது சொன்னதுதான், கொடுங்கள்.” வியாபாரத்தில் அது சரியான முடிவு. ஆனால் அன்றிலிருந்து இரண்டு கிழமைக்குச் சாமான் இறக்கும் பையன்கள்கூட அவருடைய சொல்லைக் கேட்கவில்லை.

இங்கே நான் தலையிட்டேன். ஆய்வு எழுதுபவர் தலையிடக் கூடாது என்பார்கள். நான் அந்தக் கடையின் கணக்குப் பார்ப்பவனும்கூட. முதலாளியிடம் சொன்னேன்: “ஐயா, வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்ததை ஊருக்குச் சொல்லவில்லை. பிழைத்தால் அவர் தலை, சரிவந்தால் கடையின் பெயர். அது எப்படி?” அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவராத்திரியில் ஆயுத பூசை முடிந்து அவலும் கடலையும் கொடுக்கும்போது, எல்லோரும் நிற்க, “இந்த மூன்று சாமானுக்கும் விலையும் வாங்குவதும் பிள்ளைதான். தம்பி, நீயும் அவரிடம் கேட்டுவிட்டே வாக்குக் கொடு” என்றார். மருமகன் தலையாட்டினான். அவனுக்கும் ஒருவகையில் நிம்மதி என்றே நினைக்கிறேன். இருப்பு இல்லாத சாமானுக்கு வாக்குக் கொடுத்து அவமானப்படுவது அதோடு குறைந்தது.

என் கணக்கில் இடிக்கும் இடம்

‘பதவி கிடைக்கும் முன்னமே அந்தப் பதவிக்குரிய வேலையைச் செய்து காட்டு’ என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. இந்தக் கதையை அவர்கள் எடுத்துக்காட்டாகப் பாவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: அவர் 2022 ஜூலை முதல் 2023 முடியும்வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, கொள்முதல் வேலையை ஸ்ரோர் லிகிதர் (எழுத்தர்) சம்பளத்தில் செய்தார். அதற்கு முன் ஏழு மணிவரை இருந்த மாலைகளுக்கு ஒரு சதமும் வரவில்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தைந்து மணி என்கிறது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்கிறது. ‘செய்து காட்டுவதற்கு’ ஒரு முடிவுத் திகதி வேண்டும். அவர் மூன்று மாதம் என்று சரியாகச் சொன்னார். மூன்று மாதம் முடிந்த அன்று மீண்டும் போய் அமர்ந்து பேசவில்லை. அவரே ஒப்புக்கொள்கிற பிழை அது.

இன்னொன்று. எல்லா முதலாளியும் எழுந்து வந்து கம்பியை நிறுக்க மாட்டார்கள். அவருடன் டிப்ளோமா படித்த தோழி ஒருவர் ஓர் அச்சகத்தில் இதே மாதிரித் துண்டுகளை எட்டு மாதம் எழுதிவைத்தார். அந்த முதலாளி வாசிக்கவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. தோழி விலகி இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். அவர் செய்தது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. நாம் கொடுத்த தகவலை மேலே இருப்பவர் ஒருமுறையாவது சரிபார்க்கிறாரா என்று பார்த்தால் போதும். சரிபார்ப்பவர் சந்தேகப்படுகிறார் என்று மனம் நோகலாம். உண்மையில் அவர் நம்புவதற்கு ஆயத்தமாகிறார். எட்டு மாதம் சரிபார்க்காதவரிடம் ஒன்பதாவது மாதத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இப்போது

2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி (வற்) 18 வீதமானது. ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா விற்றுமுதல் உள்ளவர்கள் பதிய வேண்டும் என்று எல்லையும் கீழே வந்தது. கடை அதற்குள் அகப்பட்டது. வாங்கிய சிட்டை ஒவ்வொன்றும் ஒழுங்காக இல்லாவிட்டால் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. விறாந்தைத் தொலைபேசிக் கொள்முதலுக்கு அத்தோடு காலம் முடிந்தது. சீமெந்தும் கம்பியும் தவிர மற்ற எல்லாக் கொள்முதலும் அந்த ஆண்டுக்குள் அவரிடம் வந்தன.

சம்பளக் கதை தனி. அந்த ஜனவரியிலிருந்து மாதம் பத்தாயிரம் ரூபா ஓர் உறையில் கைக்கு வந்தது. சம்பளச் சிட்டையில் இல்லை. சிட்டையில் இல்லாவிட்டால் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்காகாது. பத்து மாதம் பொறுத்துவிட்டு அவர் கேட்டார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

“ஐயா, இதைச் சிட்டையில் போடுங்கள்.”

முதலாளி வாயாலேயே கணக்குப் போட்டார். “சேமலாப நிதி பன்னிரண்டு, நம்பிக்கைப் பொறுப்பு நிதி மூன்று. அப்படியென்றால் எனக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடும், பிள்ளை.”

“எனக்கும் எட்டு வீதம் கழியும், ஐயா. எண்ணூறு ரூபா கையில் குறைந்துதான் வரும். பரவாயில்லை.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் இருப்புத் தாளைப் பார்த்தேன். 2025 ஏப்ரல் சம்பளத்திலிருந்து அது சிட்டையில் ஏறியது. பழைய மாதங்களுக்குரிய நிதியைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் அந்தச் சிட்டையைக் காட்டினார். பதவி என்ற கட்டத்தில் ‘ஸ்ரோர் லிகிதர்’ என்றே அச்சாகியிருந்தது. இதையும் மாற்றச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“சீமெந்தையும் எடுத்த பிறகு ஒரேயடியாகக் கேட்கிறேன்” என்றார்.